பாஸ்போர்ட்டில் பத்து மாதம் மூத்தவன்

சனிக்கிழமை உனக்கு விமானம். உன் அம்மா மூன்று நாட்களாகப் பெட்டியையும் அறிவுரையையும் சேர்த்தே கட்டிக்கொண்டிருக்கிறாள். ஹாஸ்டல் தண்ணீரை அப்படியே குடிக்காதே, சீனியர்களிடம் வாய் கொடுக்காதே, கோயம்புத்தூர் வெயில்தானே என்று தொப்பி இல்லாமல் அலையாதே. நான் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை என்று அவளுக்குக் கோபம். "பெத்த அப்பன் ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப மாட்டாரா?" என்று நேற்று சமையலறைச் சுவரைப் பார்த்துச் சொன்னாள், எனக்குக் கேட்கும்படி. சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது. ஆனால் உனக்கு அறிவுரை சொல்லும் தகுதியை, ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில், பேஸ்பால் மைதானத்தை ஒட்டி ஆபீஸாக வைத்திருந்த தகர அறைக்குள், அந்தப் போர்ட்டா கேபினுக்குள் நான் தொலைத்துவிட்டேன். அது உனக்கும் தெரியும். ஐந்து வருடமாக நாம் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நம் சங்கத்து ஆண்டு மலருக்கு வளைகுடா வாழ்க்கை பற்றி ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். இதைத்தான் கொடுக்கப்போகிறேன். உன் பெயர் இதில் இல்லை, என் பெயரும் இல்லை. மற்ற அப்பாக்களும் படிக்கட்டும்.

நீ பேஸ்பால் பக்கம் போனது எனக்கு முதலில் பிடிக்கவில்லை. பர் துபாயில் நம் கட்டடத்துக்குப் பின்னால் அப்போது ஒரு மணல் திடல் இருந்தது. வாரநாளில் கார் நிறுத்துவார்கள். வெள்ளிக்கிழமை காலையில் ஒரு முனையில் நம் ஆட்களின் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவீர்கள், மறுமுனையில் பிலிப்பைன்ஸ்காரர்கள் பேஸ்பால் ஆடுவார்கள். உனக்கு ஒன்பது வயது. அந்தப் பக்கம் ஓடிப்போன கிரிக்கெட் பந்தைப் பொறுக்கப் போனவன் திரும்பி வரவில்லை. பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கூட்டாளிகள் கத்திக் கத்திப் பார்த்துவிட்டு வேறு பந்து எடுத்துக்கொண்டார்கள். நீ ரோமியின் பக்கத்தில் நின்று, அவன் கையில் மாட்டியிருந்த தோல் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தாய். ரோமி நம் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், ஒரே வீட்டில் பன்னிரண்டு பேரோடு தங்கியிருந்த ஏசி டெக்னீஷியன். அடுத்த வாரமே நீ அவனை "கூயா" என்று கூப்பிட ஆரம்பித்தாய். அவர்கள் மொழியில் அண்ணனாம். "டேய், இந்தியன்னா கிரிக்கெட்டுடா. நம்ம ஊர்ல எவன்டா இதை ஆடுறான்?" என்று கேட்டேன். "நான் நம்ம ஊர்ல இல்லையேப்பா" என்றாய். அதட்டிவிட்டுப் போய்விட்டேன். அதட்டுவது எனக்கு எப்போதும் சுலபமாக வந்தது, ஆபீஸில் என்னை அதட்டுகிறவர்களிடமிருந்து கற்றுக்கொண்டது.

அமெரிக்கர்களும் ஜப்பானியரும் கொரியர்களும் தங்கள் பிள்ளைகளுக்காக நடத்திய லீகில் உன்னைச் சேர்க்க வைத்ததும் ரோமிதான். அந்த மைதானத்து கேபின் ஏசிகளை அவன்தான் பார்த்துவந்தான். "பாய், பச்சா கா ஹாத் பஹுத் அச்சா. ஒன் டைம் டேக் ஹிம், ப்ளீஸ்" என்று படிக்கட்டில் என்னை வழிமறித்துச் சொன்னான். பையனுக்கு நல்ல கையாம், ஒரு தடவை கூட்டிப்போக வேண்டுமாம். அழைத்துப் போனேன். துபாயில் அவ்வளவு புல்லை ஒரே இடத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை. அந்தப் புல்லுக்குத் தண்ணீர் விட்டு, வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டிருந்தவர் பெரம்பலூர்ப் பக்கத்து முருகேசன். அவருக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் கேட்டுக்கு வெளியே போய்வர வேண்டும். கூடாரத்துக்குக் கீழே பெரிய ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருந்த பெற்றோர்களில் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. அவர்களைச் சொல்லி என்ன, கம்பெனி பிக்கப்பை அவர்கள் வண்டிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தக் கூசி, தள்ளி நிறுத்திவிட்டு வந்த எனக்கும்தான் அது கண்ணில் பட ஒரு மாதம் ஆனது.

நீ முதல்முறை பந்தை அடித்த நாளை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. பந்து நல்ல தூரம் போனது. எனக்குத் தெரிந்த ஒரே விளையாட்டின் ஞாபகத்தில், வேலிக்கு வெளியே நின்று, "பேட்டை விடாதடா! கோட்டுல வை, கோட்டுல வை!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மட்டையைக் கீழே போட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும் என்று ரோமி உனக்கு ஆயிரம் தடவை சொல்லியிருந்தான். ஆனாலும் நீ மட்டையோடு ஓடினாய். அடித்தவன் ஓடிப்போய்த் தொட வேண்டிய முதல் பேஸில் நின்ற கொரியப் பையன், அடிக்கத்தான் வருகிறாய் என்று நினைத்து இடத்தை விட்டே ஓடிவிட்டான். மைதானமே சிரித்தது. திரும்பும்போது வண்டியில், "கத்துறதுன்னா ரூல் தெரிஞ்சிட்டுக் கத்துங்கப்பா" என்றாய். "தப்புன்னு தெரியுதுல்ல, அப்புறம் ஏன்டா கேட்ட?" என்றேன். "நீங்க சொன்னீங்க, கேட்டேன்" என்றாய். அன்று அதை நகைச்சுவையாகத்தான் எடுத்துக்கொண்டேன். அந்தப் பதிலில் எனக்கு ஒரு எச்சரிக்கை இருந்தது, காதில் ஏறவில்லை.

மூன்று வருடத்தில் உனக்கு நிகராக மூன்றாவது பேஸில் நிற்கப் பன்னிரண்டு வயதுக்காரர்களில் ஆள் இல்லை. தரையோடு சீறிவரும் பந்துக்கு மற்ற பிள்ளைகள் முகத்தைத் திருப்புவார்கள். நீ முகத்தைக் கொடுப்பாய். பஹ்ரைனில் நடக்கவிருந்த போட்டிக்கு அந்த வயதுப் பிரிவின் அணியைத் தேர்ந்தெடுத்தபோது, உன் பெயரைத்தான் கோச் கிரெக் முதலில் வாசித்தார். நீ வீட்டுக்கு வந்து அம்மாவைத் தூக்கிச் சுற்றப் பார்த்து, இருவரும் சோபாவில் விழுந்தீர்கள். மறுநாள் பாஸ்போர்ட் நகல் கேட்டார்கள். கொடுத்தோம். அங்கேதான் நான் உனக்குச் செய்திருந்த காரியம் வெளியே வந்தது.

நீ ஆடி மாதம் பிறந்தவன். பாஸ்போர்ட்டில் உன் பிறந்த தேதி அதற்கு முந்தைய செப்டம்பர். பிறந்ததும் உன்னைப் பதிவு செய்யவில்லை. இங்கே கூட்டி வரப் பாஸ்போர்ட் வேண்டியிருந்தபோதுதான் தாலுகா ஆபீஸுக்குப் போனேன். "தேதி என்ன போடணும் சார்?" என்று ஏஜெண்ட் கேட்டான். என்ன தேதி என்று கேட்கவில்லை, என்ன போடணும் என்றுதான் கேட்டான். அவ்வளவு சகஜம் அது நமக்கு. உண்மைத் தேதியைப் போட்டால் கே.ஜி. வகுப்புக்கு வயது போதாது, ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். என் ஆபீஸ் நண்பர்கள் அத்தனை பேரும் தங்கள் பிள்ளைகளுக்கு இதைத்தான் செய்திருந்தார்கள். "ஒரு வருஷம் மிச்சம்டா" என்றார்கள். யாருக்கு மிச்சம்? மூன்றரை வயதுப் பிள்ளை ஒரு வருடம் முன்னால் சம்பாதிக்கத் தொடங்க வேண்டும் என்று அப்போதே கணக்குப் போடுகிற கூட்டம் நாம். அதற்குப் பெயர் பாசம். உன் அம்மா மட்டும்தான் அதைப் பார்த்துச் சிரித்தாள். "பத்து மாசம் முன்னாடியா? அப்ப நான் உண்டாகவே இல்லைங்க. எனக்கு முன்னாடியே நீங்க பெத்துட்டீங்களா?" என்றாள். லீக் ஃபார்மை நீ நிரப்பும்போது எந்தத் தேதி எழுதுவது என்று அவளிடம்தான் கேட்டிருக்கிறாய். "பிறந்த நாளைக் கேட்டா பிறந்த நாளை எழுது" என்றிருக்கிறாள். எழுதினாய்.

கிரெக் போன் செய்தார். ஃபார்மில் ஒரு தேதி, பாஸ்போர்ட்டில் ஒரு தேதி, வெள்ளிக்கிழமை கமிட்டி முன்னால் வந்து விளக்க முடியுமா என்றார். பேஸ்பாலில் வயதைக் குறைத்துச் சொல்லிப் பெரிய பிள்ளையைச் சின்னவர்களோடு ஆட விடுவது பெரிய மோசடியாம், அணியையே போட்டியிலிருந்து தூக்கிவிடுவார்களாம். உன் அம்மா பீரோவிலிருந்து உன் ஜாதக நோட்டை எடுத்து வந்தாள். மஞ்சள் தடவிய அட்டை. வருடம், மாதம், தேதி, நாழிகை எல்லாம் ஜோசியர் கைப்பட எழுதியது. கூடவே நீ பிறந்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டு, மடிப்பில் கிழிந்து, ஆனால் தேதி தெளிவாக. "இதைக் காட்டுங்க. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றாள். "வெள்ளைக்காரன் ஜாதகம் பாப்பானாடி?" என்று கேலி செய்தேன். இருந்தாலும் இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, அதைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் வந்தேன். அது உனக்குத் தெரியும். வண்டியில் உன் மடியில்தான் அந்தப் பை இருந்தது.

கேபினுக்குள் கிரெக்கும் கமிட்டிக்காரர் ஒருவரும் இருந்தார்கள். நமக்கு நாற்காலி போட்டார்கள், நீ உட்காரவில்லை. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது சரி என்று கிரெக் கேட்டார். அதட்டலாக இல்லை, மரியாதையாகத்தான் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அந்தக் கமிட்டிக்காரர், "சில நாடுகளிலிருந்து வருபவர்களிடம் இது சகஜம்தான், வருத்தப்பட வேண்டாம்" என்றார். அவர் கன்னத்தில் அறைய வேண்டும் போல் இருந்தது. அதே நேரம் பயமும் இருந்தது. பாஸ்போர்ட்டில் பொய்த் தேதி என்று நான் வாயால் சொன்னால், அந்தப் பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா என்ன ஆகும்? எங்கள் கம்பெனியில் வேறொருவன் பாஸ்போர்ட்டில் வந்திருந்த பெயிண்டரை ஒரே நாளில் விமானத்தில் ஏற்றியதைப் பார்த்தவன் நான். செருப்பை மாற்றக்கூட அவனுக்கு நேரம் கொடுக்கவில்லை. இந்தத் தேசத்தில் என் பதினான்கு வருடம் ஒரு ரப்பர் ஸ்டாம்பின் மேல் நின்றுகொண்டிருந்தது. கிரெக் மறுபடி, "வேறு ஏதாவது சான்று இருக்கிறதா?" என்று கேட்டார். பை என் காலடியில் இருந்தது. "நோ சார். பாஸ்போர்ட் இஸ் கரெக்ட் சார்" என்றேன். "அப்படியானால் ஃபார்ம்?" என்றார். "மை சன் மேட் எ மிஸ்டேக், சார். ஹி ரோட் இட் ராங்" என்றேன்.

நீ என்னைப் பார்க்கவில்லை. கிரெக்கை நேராகப் பார்த்து, "யெஸ் சார். ஐ ரோட் இட் ராங். ஐ ஆம் சாரி" என்றாய். பஹ்ரைன் அணிப் பட்டியலில் உன் பெயரைக் கிரெக் அடித்தார். நான் சொன்னேன், நீ கேட்டாய். வெளியே வந்தபோது முருகேசன் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். செய்தி அதற்குள் அவர்வரை போயிருந்தது. "என்ன அண்ணே, தம்பி வயசக் கொறச்சு எழுதிட்டானாமே? சின்னப் புள்ள, ஆசையில செஞ்சிருக்கும், அடிச்சிப்புடாதீங்க" என்றார். அவரிடமாவது சொல்லியிருக்கலாம். அவர் என் விசாவை என்ன செய்துவிட முடியும்? "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். முதலாவது பொய் பயத்தில் சொன்னது, மன்னிக்கலாம். இரண்டாவதற்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை. பாதி வழியில் நீ கேட்டாய்: "அப்பா, அப்ப வெளில எனக்குப் பதிமூணு, வீட்ல பன்னெண்டா?" நான் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு அப்புறம் நீ செய்ததுதான் என்னை இன்றுவரை அண்ணாந்து பார்க்க வைக்கிறது. விட்டுவிடுவாய் என்றுதான் நினைத்தேன். உள்ளுக்குள் விட்டுவிட்டால் நல்லது என்றும் நினைத்தேன், அந்த மைதானத்துக்கு நான் போக வேண்டியிருக்காதே. நீ அடுத்த வாரமே பெரிய பையன்கள் பிரிவில் போய் நின்றாய், பாஸ்போர்ட் சொன்ன வயதுக்குரிய பிரிவில். மீசை முளைத்தவர்கள் நடுவில் உன் சட்டை முழங்கால்வரை தொங்கியது. அந்த மைதானம் பெரிது. மூன்றாவது பேஸிலிருந்து நீ எறிந்த பந்து முதல் பேஸுக்கு இரண்டு குதி குதித்துத்தான் போய்ச் சேர்ந்தது. "பௌன்ஸ்" என்றே உனக்குப் பெயர் வைத்தார்கள். வயதை ஏமாற்றியவன் என்ற பேச்சும் கூடவே வந்தது. நீ ஒருவனிடமும் விளக்கம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கையைத் தேய்த்துக்கொண்டு, "எவ்ளோ தூரம்ப்பா அது?" என்று மட்டும் கேட்டாய்.

நான் கட்டட வரைபடம் போடுகிற டிராஃப்ட்ஸ்மேன். அளவு சொல்வது மட்டும்தான் எனக்குத் தெரிந்த வேலை. சைட்டிலிருந்து நீள டேப்பும் கொஞ்சம் சுண்ணாம்புப் பொடியும் கொண்டுவந்தேன். நீயும் நானும் ரோமியும் அந்த மணல் திடலில் அளந்து கோடு போட்டோம். சின்ன மைதானத்தில் இருபத்தாறு மீட்டர், பெரியதில் முப்பத்தொன்பதுக்குச் சற்றுக் குறைவு. பதின்மூன்று மீட்டர் உனக்குக் குறைந்தது. டியூட்டிக்குப் போகும் முன், கார்கள் வருவதற்கு முன், தினமும் காலையில் நீ அங்கிருந்து எறிய, நான் இங்கிருந்து பிடித்தேன். பிடித்தேன் என்பது மிகை. பாதி என் நெஞ்சில் பட்டது. "பாய், குளோவ் அப், குளோவ் அப்!" என்று ரோமி பால்கனியிலிருந்து சிரிப்பான். என் இடதுகை சுண்டுவிரல் இப்போதும் நேராக நிற்பதில்லை. உன் அம்மா அதைக் குறை என்கிறாள். நான் அதைப் பற்றிப் பெருமைப்படுகிறேன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். ஒன்றரை வருடம். அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை ஆட்டத்தில், குதிக்காமல், ஒரே கோடாக, பந்து போய் முதல் பேஸில் நின்றவனின் கையுறையில் அறைந்தது. உங்கள் அணி அன்று மோசமாகத் தோற்றுக்கொண்டிருந்தது, ஒருவரும் கைதட்டவில்லை. பிடித்தவன் மட்டும் கையை உதறிக்கொண்டு உன்னைத் திரும்பிப் பார்த்தான். நீ அடுத்த பந்துக்குக் குனிந்து நின்றுவிட்டாய்.

போன குளிர்காலத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். லீகில் புதிய பிள்ளைகளைப் பதிவு செய்யும் மேசையில் நீ உதவிக்கு உட்கார்ந்திருந்தாய். நான் உன்னைக் கூட்டிப்போக வந்து, பின்னால் நின்றிருந்தது உனக்குத் தெரியாது. நம் ஊர்க்காரர் ஒருவர், பேச்சைக் கேட்டால் தஞ்சாவூர்ப் பக்கம், பத்து வயதுப் பையனோடு வந்திருந்தார். பையன் ஒரு தேதி சொன்னான், பாஸ்போர்ட் ஒரு தேதி சொன்னது. அவர் பையனின் பிடரியில் தட்டி, "தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லுடா அண்ணன்கிட்ட" என்றார். நீ பேனாவை மூடி வைத்தாய். "அங்கிள், அவன் வாயால சொல்ல வைக்காதீங்க. ஸ்கூலுக்காக மாத்திப் போட்டேன்னு நீங்க சொல்லுங்க" என்றாய். "நீ யாரு தம்பி எனக்குப் புத்தி சொல்ல? உனக்கு என்ன வயசு?" என்று எகிறினார். "எந்த வயசு அங்கிள்?" என்றாய், சிரிக்காமல். நீ குரலைத் தாழ்த்தி, "இங்க பாஸ்போர்ட் தேதிதான் எடுப்பாங்க, அதை மாத்த முடியாது. ஆனா அவன் பொய் சொல்லலன்னு அவனுக்குத் தெரியணும். அது உங்களாலதான் முடியும்" என்றாய். அவர் பையன் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். நீ அந்தப் பையனிடம், "பெரிய பசங்களோட ஆடுவ. மொதல்ல ஒதை படுவ. எறியறதுக்கு நான் சொல்லித் தரேன்" என்றாய். நான் பிக்கப்புக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். நீ வந்ததும், ஏன் இவ்வளவு நேரம் என்று அதட்டினேன்.

அந்த வாரமே உண்மையைச் சொல்லக் கிளம்பினேன். கிரெக் டெக்சாஸுக்குப் போய் இரண்டு வருடமாம். அந்தக் கமிட்டிக்காரர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. முருகேசன் விசா கேன்சலாகி ஊருக்குப் போய்விட்டார், கான்ட்ராக்ட் கம்பெனியே மாறிவிட்டது. உன்னைப் "பௌன்ஸ்" என்று கூப்பிட்ட பையன்கள் ஆளுக்கொரு தேசத்தில். ரோமி கத்தாருக்குப் போய்விட்டான். அந்தப் போர்ட்டா கேபின்கூட இல்லை. இப்போது லீகைப் பார்த்துக்கொள்ளும் கனடாக்காரப் பெண்மணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், அவ்வளவு பழைய விவரம் எங்களிடம் இல்லையே. இப்போது ஏதாவது பிரச்சினையா?" என்றார். இல்லை என்றேன். இந்த ஊரில் யாரும் தங்குவதில்லை, அதனால் இங்கே செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்கவும் ஆள் கிடைப்பதில்லை. இதை நம்பித்தான் நாம் பலபேர் இங்கே பல காரியங்களைச் செய்துகொண்டிருக்கிறோம்.

தேதியை இனித் திருத்த முடியாது. உன் மதிப்பெண் பட்டியல், விசா, கல்லூரி இடம் எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன. ஓய்வுபெறும்போதுகூட உன்னைப் பத்து மாதம் முன்னதாகவே அனுப்புவார்கள். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. அறிவுரை என்று கேட்டால், உன் வாயால் இன்னொருவனின் பயத்தைச் சொல்ல வைக்க யாரையும் விடாதே, நான் உட்பட. கோயம்புத்தூரில் பேஸ்பால் அணி இருக்கிறதாம், விசாரித்துவிட்டேன், காலேஜுக்கே போன் போட்டேன். போய்ச் சேர். மைதானம் மோசமாகத்தான் இருக்கும், நீ அளந்துகொள்வாய்.

அந்தக் கேபினுக்குள் நான் சொன்னதை அங்கே இருந்தவர்களிடம் திரும்ப எடுத்துக்கொள்ள வழியில்லை. அன்று அங்கே இருந்தவர்களில் எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் மிச்சமிருப்பவன் நீ ஒருவன்தான். உன்னிடமாவது சொல்லிவிடுகிறேன். நீ தப்பாக எழுதவில்லை. பிறந்த நாளைக் கேட்டார்கள், பிறந்த நாளை எழுதினாய். தப்பாக எழுதியவன் நான்.

உன் அப்பா